அஞ்சு மில்லிக் கழுத்து

அந்தப் பட்டறைக்குள் இரண்டு உலகம் இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்.

சுவருக்கு வெளியே ஆறு லேத்துகள், எண்ணெய் வாடை, தரையெல்லாம் நீலம் பாய்ந்த இரும்புச் சுருள், பக்கத்தில் நிற்கிறவனிடம்கூடக் கத்திப் பேசவேண்டிய இரைச்சல். சுவருக்கு உள்ளே போகவேண்டுமென்றால் செருப்பைக் கழற்றவேண்டும். வெயிலானாலும் மழையானாலும் அங்கே ஒரே குளிர், இருபது டிகிரி. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு கருங்கல் மேசை. மேசைக்கு மேலே ஒரு வளைவு, வளைவிலிருந்து தொங்கும் ஓர் ஊசி, ஊசி முனையில் மிளகளவு சிவப்புக் கல் உருண்டை. அந்த உருண்டை இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். எங்கே தொட்டோம் என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அளவு மெஷின் என்பார்கள். பதினோரு வருஷமாக அதை ஓட்டுகிறவள் ஒருத்திதான்.

அவளைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்ரான் அக்கா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனே எழுபது மைக்ரான் வரும். முடியில் எழுபதில் ஒரு பங்குக்குப் பதில் கேட்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அவள் சொன்னால் சொன்னதுதான். "அக்கா, இன்னொரு தடவை பாருங்களேன்" என்று யாராவது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால், "பாக்கறேன். ஆனா இரும்பு நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு பேசாது தம்பி" என்பாள். மறுபடி அளந்து அதே எண்ணைக் காட்டுவாள். பிறகு சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறப்பாள். சிவப்புப் பட்டால் அந்தத் துண்டு உருக்குவதற்குப் போகும்.

அவள் புருஷன் சுவருக்கு வெளியே, கடைசியில் இருந்த பெரிய லேத்தில். பட்டறையிலேயே கை சுத்தமான கடைசல்காரர் அவர்தான். வேலை நேரத்தில் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி கிடையாது. அவர் கடைந்ததைச் சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவார். அவள் எண்ணைப் பார்த்து வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான் பேச்சு. மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அப்போதுகூட வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். கல்யாணம் ஆன புதிதில் ஒரு வாரம் பேசிப் பார்த்தார்கள், சாப்பாடு இறங்கவில்லை. விட்டுவிட்டார்கள்.

அப்படி இருந்த வீட்டில்தான் ஊதுகுழல் வந்து நுழைந்தது.

ஊதுகுழல் என்பது பட்டறை வைத்த பெயர். புதிய வாடிக்கையாளர் ஒருவர் பம்புக்காகக் கேட்ட துண்டு அது. அடியில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு வட்ட முகம். முகத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடி, முந்நூறு மில்லி நீளத்துக்கு எழும்பும் ஒரு குழல். குழலின் உச்சியில் ஒரு துளை. முகத்துக்கு மறுபக்கம், பம்பின் குழிக்குள் போய் உட்காருவதற்கு ஒரு கழுத்து. அந்தக் கழுத்தின் உயரம் அஞ்சு மில்லி. விரல் நகத்தில் பாதி.

வரைபடம் தெளிவாகச் சொன்னது: கழுத்துதான் ஆதாரம். கழுத்தின் நடுவிலிருந்து நேராக ஒரு கோடு போட்டுக்கொள். அந்தக் கோட்டிலிருந்து மேல் துளையின் நடு ஐம்பது மைக்ரானுக்கு மேல் விலகக் கூடாது. மொத்தம் முப்பத்தாறு ஊதுகுழல்.

மழை பிடித்த திங்கட்கிழமையன்று முதல் பத்து உள்ளே வந்தது. அவள் ஒவ்வொன்றையும் தாங்கியில் படுக்க வைத்தாள். முகத்தில் இருந்த போல்ட் ஓட்டைகளில் குறி போட்ட ஓட்டை எப்போதும் மேலே வரும்படி வைப்பாள். கழுத்தைச் சுற்றி அடியில் ஒரு வட்டம், நுனியில் ஒரு வட்டம் தொட்டாள். இரண்டு வட்டத்தின் நடுவையும் சேர்த்தால் கோடு. பிறகு ஊசியை உச்சிக்குக் கொண்டுபோய்த் துளையைத் தொட்டாள்.

பத்தில் ஆறு தேறவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. எண்பது, நூற்றிப்பத்து, நூற்றி இருபது. ஒன்று இடது பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்று மேலே பார்த்தது, ஒன்று கீழே. புருஷன் ஜன்னலில் குனிந்து முகத்தைக் காட்டினார்.

"எவ்வளவு?"

"ஆறு போச்சு."

"நேத்தா இன்னிக்கா?"

"நேத்து ஆறு. இன்னிக்கு இதுவரைக்கும் நாலு."

"நான் கடைஞ்சதா?"

"வேற யாரு கடைஞ்சது, நானா?"

அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் முதலாளி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி வருதும்மா. புது ஆளு, முதல் சரக்கு. பாதி தேறலன்னா மொத்தமும் உருக்கத்தான் போகும். அப்புறம் நான் பெரிய லேத்துல வேற ஆளத்தான் நிறுத்தணும். உங்க வீட்டுக்காரர் அறுப்பு மெஷினுக்குப் போகட்டும். தப்பா நினைக்காதீங்க."

"அளக்கறது என் வேலை. ஆளை மாத்தறது உங்க வேலை. அதுல நான் என்ன நினைக்க இருக்கு?"

நியாயமாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணாடிச் சுவர் பார்வையைத்தான் விடும், பேச்சை விடாது என்று நினைத்திருந்தாள். அந்தச் சின்ன ஜன்னல் திறந்தே கிடந்தது. வெளியே நின்றிருந்தவர் காதில் அது அப்படியே விழுந்தது.

வீட்டில் அன்றிலிருந்து பேச்சு நின்றது.

வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மழைச்சாரல் அடிக்கும் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பது புருஷனின் அக்கா. தையல்காரி. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். பல்லிடுக்கில் குண்டூசியை வைத்துக்கொண்டே ஊரை வம்புக்கு இழுக்கத் தெரிந்தவள். வீட்டில் இரண்டு பேர் பேசாமலிருந்தால் மூன்றாமவர்தான் தபால்காரர் என்பதால் அவளுக்கு வேலை கூடிவிட்டது.

"டேய் தம்பி, உன் பெண்டாட்டி குடை எங்கன்னு கேக்கறா."

"ஆணியில தொங்குதுன்னு சொல்லு."

"ஏம்மா, ஆணியில தொங்குதாம். உனக்குக் காது கேக்கும், இருந்தாலும் சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"சித்தப்பா பையன் அவன் ஊர்ல ஒரு பட்டறை ஆரம்பிச்சிருக்கான்ல, அவனுக்கு லேத்துக்கு ஆள் வேணுமாம். சனிக்கிழமை கிளம்பறேன்."

"அது ஒரு ராத்திரி ஒரு பகல் பஸ்ஸுல போற தூரமாச்சேடா."

"தூரமா இருந்தா என்ன. என்னால அறுப்பு மெஷின்ல நின்னு கம்பிய வெட்டிக்கிட்டு இருக்க முடியாது. அதும் இவ பாக்க."

"எப்ப வருவ?"

"வரும்போது வருவேன்."

அவள் தட்டில் முட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஒரு முட்டையை அவர் தட்டிலும் வைத்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குப் போனாள். உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு.

புதன்கிழமை காலையில் நாத்தனார் தம்பியின் நாலு சட்டையை எடுத்துப்போட்டு, தளர்ந்திருந்த பட்டன்களை எல்லாம் அறுத்துப் புதிதாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பிரயாணத்துக்கு.

"அண்ணி, அவர் போறேன்னா நீங்களும் பட்டன் தைச்சுக் குடுக்கறீங்களே" என்றாள் இவள்.

"போறவன் பட்டன் இல்லாமப் போனா மட்டும் திரும்பி வந்துடுவானா? நீ வேணா அந்தச் சிவப்புப் பெயிண்டைக் கொஞ்சம் தண்ணி ஊத்தி வெக்கறது."

"ஆகாததை ஆகும்னு என்னால எழுத முடியாது அண்ணி. அவர் கடைஞ்சதுன்னாலும் சரி, நீங்க கடைஞ்சதுன்னாலும் சரி."

"நான் கடைஞ்சா நீ அளக்கவே வேணாம், பாத்தாலே தெரியும்" என்று நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு எண் வரை அளந்து முடித்திருந்தாள். பன்னிரண்டு தேறியது. பத்தொன்பதில் சிவப்பு வைக்க வேண்டும். பெயிண்டை மட்டும் இன்னும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மொத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டாள். ஏன் தள்ளிப்போட்டாள் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

இருட்டுகிற நேரம். சோறும் பருப்பும் கீரையும். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அக்காவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அக்கா, பதினேழாம் நம்பர் எவ்வளவுன்னு கேளு."

"எந்தப் பதினேழுடா?"

"அவளுக்குத் தெரியும்."

அவளுக்கு அளந்த எண்ணெல்லாம் சரக்கு வண்டி ஏறுகிற வரைக்கும் தலைக்குள்ளேயே இருக்கும். "மேல தொண்ணூறு" என்றாள்.

"இருபத்தி மூணு?"

"வலது பக்கம் நூத்தி நாப்பது."

"முப்பத்தி ஒண்ணு?"

"கீழ எழுபத்தஞ்சு. மூணும் தேறாது."

அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்கினார். அவசரமே இல்லை.

"மூணும் ஒரே துண்டு."

தாழ்வாரத்துத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"நேத்து காலையில பதினேழுன்னு எழுதிக் குடுத்தேன். சாயங்காலம் சுத்திப் பாக்கற மாதிரி வந்து எடுத்துட்டுப் போய், தின்னர் போட்டுத் தொடைச்சு இருபத்தி மூணுன்னு எழுதினேன். இன்னிக்கு மத்தியானம் மறுபடி தொடைச்சு முப்பத்தி ஒண்ணு. நிஜமான ரெண்டு துண்டு என் பெஞ்சுக்கு அடியில துணி போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. ஒரே துண்டுதான் அக்கா. ஒரு தடவை மேல பாக்குது, ஒரு தடவை வலது பக்கம் பாக்குது, ஒரு தடவை கீழ பாக்குது." அப்போதுதான் பேச்சு நின்ற பிறகு முதல் தடவையாக அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "இரும்பு நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு பேசாதுன்னு யாரோ சொல்வாங்களே. யாரு அது?"

நாத்தனார் வாயில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. "அடப்பாவி, பெண்டாட்டிக்கே பரீட்சை வெச்சியா?"

"அவ எனக்கு வெச்சா. நான் அவளுக்கு வெச்சேன்."

அழுவாளென்று நாத்தனார் நினைத்தாள். கத்துவாளென்று அவர் நினைத்தார். இரண்டும் நடக்கவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"குறி போட்ட ஓட்டை மேலதான் இருந்துச்சு" என்றாள் தனக்குள் பேசுகிற மாதிரி. "மூணு தடவையும்."

"அதையெல்லாம் நான் பாக்கல."

"நான் பாத்தேன்." எழுந்து கை கழுவினாள். "நல்ல வேலை பண்ணீங்க. முன்னாடியே பண்ணியிருக்கணும், நான் பண்ணியிருக்கணும்."

கோபம் இல்லாமலில்லை. முகம் சிவந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் புருஷனைச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் பட்டறைக் கதவு திறக்கும்போதே அவள் நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றினாள். முப்பத்தொன்று என்று எழுதியிருந்த துண்டை எடுத்துத் தாங்கியில் படுக்க வைத்து இறுக்கினாள். ஒரு தடவை அளந்தாள். இறுக்கியதைத் தொடாமல் மறுபடி அளந்தாள். மறுபடி. பத்துத் தடவை.

பத்தும் பத்துத் தினுசு. நாற்பது, நூற்றிப்பத்து, அறுபது, நூற்றைம்பது. ஒரு தாளில் புள்ளி வைத்தாள். கைக்குழந்தை தட்டில் சோற்றை இறைத்த மாதிரி இருந்தது.

"சரி" என்றாள் சத்தமாக. "நீதான் பொய் சொல்றியா?" ஊசியைத்தான் கேட்டாள்.

துளையின் விட்டத்தை மட்டும் பத்துத் தடவை எடுத்துப் பார்த்தாள். ஒரு மைக்ரான்கூட ஆடவில்லை. முகத்தின் சமதளத்தைப் பார்த்தாள். அசையவில்லை. கழுத்தின் விட்டம்? அதுவும் சொன்னதையே சொன்னது. ஊசி பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் தனித்தனியாக எல்லோரும் யோக்கியர்கள். கோடு போடும்போது மட்டும் எவனோ தள்ளாடுகிறான்.

அலமாரிக்குப் பின்னால் ஒரு நீளமான வெல்டிங் கம்பி கிடந்தது. ஜன்னல் திரையைத் தள்ள வைத்திருந்தது. அதை எடுத்தாள். இரண்டு கையாலும் அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பிடித்தாள். கம்பி நுனி நிலையாக நின்றது. பிடியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் இரண்டு நகத்தின் நுனியால் அடியை மட்டும் கிள்ளிப் பிடித்தாள். விரல் அசைந்தது தெரியவே இல்லை. அங்கே மேலே கம்பியின் நுனி சுவரெல்லாம் கோலம் போட்டது.

அவள் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

கழுத்து அஞ்சு மில்லி. அதில் அவள் எடுத்த இரண்டு வட்டத்துக்கும் நடுவே மூன்றே மில்லி. உச்சி முந்நூறு மில்லி தள்ளி. நூறு மடங்கு. கீழே ஒரே ஒரு மைக்ரான் பிசகினால் மேலே நூறு மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது இந்த மெஷினின் மூச்சு. தூசு பட்டாலே ஆடும். இத்தனை வருஷமாக வந்த துண்டுக்கெல்லாம் கழுத்து நாற்பது ஐம்பது மில்லி இருந்தது. பிடிக்க இடமிருந்தது. இதில் நகக்கண்ணைப் பிடித்துக்கொண்டு முழு ஆளையும் நேராக நில் என்றிருக்கிறாள்.

தேறிய பன்னிரண்டும் தேறியதல்ல. தேறாத பத்தொன்பதும் தேறாததல்ல. மூன்று நாளாக அவள் ஊதுகுழலை அளக்கவே இல்லை.

செருப்பைப் போட மறந்து வெளியே வந்தாள். வெறுங்காலில் இரும்புச் சுருளுக்கு நடுவே நடந்து பெரிய லேத்துக்கு முன்னால் போய் நின்றாள். அஞ்சு லேத்துகள் ஒவ்வொன்றாக மெதுவாயின. வேலை நேரத்தில் மைக்ரான் அக்கா கண்ணாடிக்கு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கால்ல சுருள் குத்தப் போகுது."

"குத்தட்டும். மேல் துளைய கடையும்போது இதை எது மேல உக்கார வெக்கறீங்க?"

"முகத்து மேல."

"கழுத்தப் புடிக்கறதில்ல?"

"கழுத்தா?" அவர் சிரித்தேவிட்டார். "அஞ்சு மில்லி கழுத்தப் புடிச்சு முந்நூறு மில்லி குழல சுத்தினா அது நிக்குமா? தலை ஆடும். கழுத்து நடுவுல வர்றதுக்கு மட்டும். உக்கார்றது, நேரா நிக்கறது எல்லாம் முகம்தான். இது யாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியல. சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எப்படி அளக்கறன்னு எனக்கு எங்க தெரியும்? பதினோரு வருஷமா வேலையப் பத்திப் பேசக் கூடாதுன்னு இருக்கோம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, சிரித்துவிட்டாள். பக்கத்து லேத்துக்காரர் தன் லேத்தை நிறுத்தியே விட்டார், நன்றாகக் கேட்கட்டுமென்று.

"தப்பு என் மேலதான்" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மெஷின் மேல இல்ல, இவர் மேலயும் இல்ல. நான் புடிச்ச எடம் தப்பு. ஆனா இப்பவும் இது தேறும்னு நான் சொல்லல. அளந்துட்டுச் சொல்றேன்."

"அப்படியே மைக்ரான்தான்" என்றார் பக்கத்து லேத்துக்காரர்.

முதலாளியிடமும் அதையே அப்படியே சொன்னாள். அவர் தலையில் கை வைத்தார். "சரிம்மா, புரியுது. ஆனா வரைபடத்துல கழுத்துன்னு போட்டிருக்கே. நாம இஷ்டத்துக்கு முகத்தைப் புடிச்சு அளந்தா அவங்க ஒத்துக்கணுமே."

"நம்பரைக் குடுங்க. நான் பேசறேன்."

வாடிக்கையாளரின் ஆலையில் தரம் பார்க்கும் பொறியாளர் ஒருவர் இருந்தார். குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயது. கேட்டதும், "வரைபடம் போட்டதுதாங்க கடைசி வார்த்தை" என்றார்.

"சார், உங்க பம்புல இது எது மேல உக்காருது?"

"முகத்து மேல. நாலு போல்ட் போட்டு முறுக்குவோம்."

"கழுத்து?"

"குழியில போய் நடுவுல நிக்கும். அதுக்குத்தான் அது."

"அப்ப போல்ட்டு முறுக்கினதும் குழல் எந்தப் பக்கம் பாக்கணும்னு முடிவு பண்றது யாரு, முகமா கழுத்தா?"

"முகம்தான். இருந்தாலும் நீங்க முன்னாடி சாம்பிளுக்கு அனுப்பின துண்டை நான் கழுத்த வெச்சுத்தான் அளந்தேன். முப்பது காட்டிச்சு. தேறிச்சே?"

"அதைப் பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கு."

"ஒரு உதவி பண்ணுங்க சார். அதை மறுபடி மெஷின்ல வெச்சு இறுக்குங்க. தொடாம பத்துத் தடவை அளங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க. பத்தும் முப்பது வந்துச்சுன்னா நான் இந்த வேலைய விட்டுட்டு சமையல் பண்ணப் போறேன்."

"சமையல் நல்லா வருமாங்க?"

"சுமாராத்தான் வரும். அதனாலதான் தைரியமா சொல்றேன்."

ஒன்றரை மணி நேரம் கழித்து மணி அடித்தது. முதலாளி, புருஷன், பக்கத்து லேத்துக்காரர் என்று எல்லோரும் வெறுங்காலோடு அளவு அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இருபது டிகிரி இருபத்திரண்டு ஆகியிருக்கும்.

"அக்கா" என்றது போன். காலையில் இருந்த குரலா என்று இருந்தது. "பத்துல நாலு தடவை தேறிச்சு. ஆறு தடவை தேறல. ஒரே துண்டு."

"நம்ம வீட்லயும் இதே கதைதான் சார்" என்றாள், புருஷனை ஒரு பார்வை பார்த்து.

"வரைபடத்தை மாத்தி அனுப்பறேன். முகம் முதல் ஆதாரம், கழுத்து ரெண்டாவது. திசை முகத்துல இருந்து, நடு கழுத்துல இருந்து. சரிதானே? விலகல் அதே ஐம்பதுதான்."

"ஐம்பதே இருக்கட்டும். குறைக்கவும் வேணாம், கூட்டவும் வேணாம்."

புதிய வரைபடம் முத்திரையோடு சாயங்காலமே வந்தது. முகம் நூற்றறுபது மில்லி அகலம். அதில் ஒரு மைக்ரான் பிசகினால் உச்சியில் இரண்டு மைக்ரான் கூட வராது. முப்பத்தொன்றாம் எண்ணைத் தாங்கியில் வைத்து ஒத்திகை பார்க்கலாமென்று கை போனது. நிறுத்திக்கொண்டாள். அது கடைசியில் வரட்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தாள். மழை விட்டு, கண்ணாடி வழியாக வெயில் லேத்துகளின் மேல் விழுந்தது. ஒவ்வொரு ஊதுகுழலையும் மூன்று தடவை அளந்தாள். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது. இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. இரும்பு மறுபடி ஒரே பேச்சுப் பேசியது. புருஷன் பெஞ்சுக்கு அடியிலிருந்து அந்த இரண்டையும் துணியை விலக்கி எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலில் தள்ளினார்.

"எவ்வளவு ஆச்சு?"

"இருபது ஆச்சு. இருபதும் தேறிச்சு."

"நான் சொன்னேன்ல."

"இன்னும் பதினாறு இருக்கு."

மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அவள் போகவில்லை. அவர் ஜன்னலுக்கே வந்து டப்பாவை உள்ளே நீட்டினார். அவள் மெஷின் ஓடும்போதே நின்றபடி நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் திருப்பித் தள்ளினாள். முப்பது. முப்பத்து மூன்று. மூன்று மணிக்கு முப்பத்தைந்து முடிந்தது. முப்பத்தைந்தும் தேறியது. ஒன்று மிச்சம்.

அதைத் தாங்கியில் படுக்க வைத்தாள். தின்னர் போட்டுத் துடைத்த இடத்தில் பதினேழு லேசாகத் தெரிந்தது. அதன் மேல் பாதி அழிந்த இருபத்து மூன்று. அதன் மேல் முப்பத்தொன்று. மெஷின் அளந்தது.

அறுபத்தெட்டு. மேலே.

துண்டின் முகத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அறுபத்தொன்பது. மேலே. கழற்றி, வைத்து, இறுக்கி மூன்றாவது தடவை. அறுபத்தெட்டு.

ஜன்னலுக்குப் போய்க் கையை அசைத்தாள். அவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"எந்த நம்பர்?"

"எல்லா நம்பரும்தான்."

அவர் குனிந்து துண்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்காதே. இதுதான் இருக்கறதுலயே பளபளன்னு வந்துச்சு. அதனாலதான் இதைப் பொறுக்கி எடுத்தேன், எவனும் குறை சொல்ல முடியாதுன்னு."

"பளபளப்பை நான் அளக்கறதில்ல. மூணு தடவையும் ஒரே பதில். வேணும்னா இன்னும் ஏழு தடவை அளக்கறேன், இங்கயே நில்லுங்க."

"அளக்க வேணாம்." தாடையைத் தேய்த்துக்கொண்டார். வெளியே தன் லேத்தைப் பார்த்தார், பிறகு துண்டை. "இதைக் கடையும்போது நடுவுல சாப்பாட்டு மணி அடிச்சுச்சு. வந்து அவசரத்துல உக்கார வெச்சேன். அடியைத் தொடைச்சேனான்னு ஞாபகம் இல்ல. ஒரு சின்னப் பிசிறு முகத்துக்கு அடியில மாட்டியிருக்கும்."

"முடியில பாதி மாட்டினாலே போதும்."

"போதும்."

இரண்டு பேரும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் அலமாரியிலிருந்து சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தானே எடுத்தார். மூடியை உடைத்துத் திறக்கவேண்டியிருந்தது, காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று எண்களின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார்.

"முப்பத்தஞ்சு தேறிச்சுன்னு முதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

"ஒண்ணு போச்சுன்னும் நானே சொல்றேன்."

வண்டி வந்து, சரக்கு ஏறி, கயிறு கட்டிப் போனது. குறைந்த ஒன்றை வாடிக்கையாளர் கேட்டார். திங்கட்கிழமை கடைந்து அனுப்புவதாக முதலாளி சொன்னார். யார் கடைவார் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இஸ்திரி போட்ட நாலு சட்டை.

"என்னடா, நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

"எந்த பஸ்?" என்றார் அவர், குடையை ஆணியில் மாட்டிக்கொண்டே.

"நாலு சட்டைக்கு பட்டன் தைச்சேனேடா. இருபத்தெட்டு பட்டன்!"

"போட்டுக்கிட்டு வேலைக்குப் போறேன்."

"அண்ணி, எண்ணிட்டீங்களா?" என்றாள் இவள் உள்ளே போய்க்கொண்டே. "இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க."

"உனக்கு வாய் திரும்பிடுச்சா? இனி எனக்குத் தபால் வேலை இல்ல, அந்த மட்டுக்கும் நிம்மதி."

சிவப்புக் கோடு போட்ட அந்த ஊதுகுழல் உருக்கப் போகவில்லை. முதலாளியிடம் கேட்டு அதை அவளே வைத்துக்கொண்டாள். கருங்கல் மேசையின் மூலையில் அதற்கு ஒரு மரத்தாங்கி செய்து கொடுத்தது புருஷன்தான். தினமும் காலையில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும் முதல் வேலை அதை அளப்பது. மெஷினுக்கும் தனக்கும் புத்தி சரியாக இருக்கிறதா என்று அது சொன்ன பிறகுதான் மற்றதைத் தொடுவாள்.

அவர் லேத்தை ஓட்டுவதற்கு முன்னால் ஜன்னலில் குனிவார். இப்போதெல்லாம் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"அறுபத்தெட்டு."

"இன்னும் அப்படியேவா?"

"திருந்தவே இல்ல" என்பாள் அவள். அன்றைய வேலை ஆரம்பமாகும்.